தோல் வழியே நுழையும் பூஞ்சணம்: காய்கறித் தோட்டத்து வெள்ளை ஈக்கு ஒரு நோய்

கத்திரிச் செடியில் நடுத்தர வயதுள்ள இலை ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். செடியை அசைத்ததுமே மாவு தூவினாற்போல எழும்பிப் பறக்கிற சின்னப் பூச்சிகளைத்தான் எல்லோரும் வெள்ளை ஈ என்று அடையாளம் சொல்வார்கள். அவற்றைப் பறக்க விட்டுவிட்டு இலையின் அடிப்பக்கத்தை உற்றுப் பாருங்கள். வெளிர்மஞ்சளில், பாதி ஒளி ஊடுருவுகிற மாதிரி, முட்டை வடிவத்தில் தட்டையான செதில்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். பெரியதுகூட ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. தொட்டால் நகராது, உயிர் இருக்கிற மாதிரியே தெரியாது. இவைதான் வெள்ளை ஈயின் குஞ்சுகள். பயிரை உறிஞ்சிக் காயவைப்பதில் பெரும்பங்கு இவற்றுக்குத்தான். பூஞ்சணம் முதலில் குறிவைக்க வேண்டியதும் இவற்றைத்தான்.

நம் காய்கறிகளில் பரவலாக இருக்கும் வெள்ளை ஈக்கு பெமிசியா டபாசி என்று பெயர். 1889-ல் கிரேக்க நாட்டில் புகையிலைச் செடியில் பார்த்துத்தான் இதை முதலில் விவரித்து எழுதினார்கள். இன்று கத்திரி, வெண்டை, தக்காளி, மிளகாய், பூசணிவகை என எதையும் விடுவதில்லை. பெண் ஈ இலையின் அடியில் நூற்றுக்கும் மேல் முட்டையிடும். பொரித்து வரும் குஞ்சு சிறிது தூரம் ஊர்ந்து, பிடித்த இடத்தில் ஊசி வாயைச் சொருகிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிடும். அப்புறம் வளர்ந்து இறக்கை முளைத்து வெளியே வரும்வரை இடம் மாறாது. வெயில் காலத்தில் மொத்தச் சுற்றும் மூன்று வாரத்துக்குள் முடிந்துவிடும். குடிக்கிற சாற்றில் மிச்சமாகும் சர்க்கரையை இனிப்புத் துளிகளாகக் கீழே விடும். அது கீழ் இலைகளில் பிசுபிசுப்பாக ஒட்டும், அதன்மேல் கரும்பூஞ்சணம் படரும், இலை கரி பூசினாற்போல ஆகும். இந்தக் கரும்பூஞ்சணம் வேறு, நாம் பேசப்போகும் பூஞ்சணம் வேறு. கரும்பூஞ்சணம் சர்க்கரையைத் தின்று வளர்வது, ஈயை ஒன்றும் செய்யாது.

சரி, மருந்து அடித்தால் என்ன? அடிக்கலாம், எல்லோரும் அடிக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், இந்தப் பூச்சி மருந்துக்குப் பழகிக்கொள்வதில் கெட்டிக்காரப் பூச்சி. வருஷத்துக்குப் பல தலைமுறை வருவதால், தப்பிப் பிழைத்தவற்றின் வாரிசுகளே தோட்டத்தை நிரப்பிவிடும். போதாததற்கு அடிக்கிற மருந்தில் இதன் எதிரிகளான குளவிகளும் பொறிவண்டுகளும் முதலில் சாகும். 2015-ல் பஞ்சாபில் பருத்தியை வெள்ளை ஈ அழித்தபோது, விவசாயிகள் மேலுக்குமேல் மருந்து தெளித்தும் அடங்கவில்லை. காய்கறியில் இன்னொரு தொல்லையும் உண்டு. வெண்டையை ஒன்றுவிட்டு ஒருநாள் பறிக்கிறோம், அடித்த மருந்தின் வீரியம் குறையும்வரை காத்திருக்க நேரம் எங்கே?

அப்படியானால் நுண்ணுயிர் மருந்து என்று போகிறோம். இங்கேதான் புதிதாக வருபவர்கள் தடுமாறுகிறார்கள். புழுவுக்கு நன்றாக வேலை செய்யும் பி.டி. என்கிற பாக்டீரியா மருந்தை வாங்கி வெள்ளை ஈக்கு அடித்தால் ஒன்றும் நடக்காது. பி.டி.யும் சரி, புழுக்களுக்கு அடிக்கும் என்.பி.வி. என்கிற வைரஸ் கரைசலும் சரி, பூச்சியின் வயிற்றுக்குள் போனால்தான் கொல்லும். புழு இலையைக் கடித்துத் தின்பதால் இலைமேல் இருப்பதும் சேர்ந்து உள்ளே போகிறது. வெள்ளை ஈ இலையைத் தின்பதே இல்லை. ஊசியை உள்ளே விட்டு, இலைக்குள் ஓடும் சாற்றை மட்டும் குடிக்கிறது. இலைமேல் நீங்கள் எதைத் தூவினாலும் அதன் வாய்க்கு எட்டாது.

பூஞ்சணத்துக்கு வாய் தேவையில்லை. அது தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கு நுண்ணுயிர்களில் பூஞ்சணத்தை மட்டும் சிபாரிசு செய்வதற்குக் காரணம் இதுதான். கடைசிவரை இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எப்போது தெளிப்பது, எங்கே தெளிப்பது, ஏன் மூன்றாம் நாள் பார்த்துவிட்டு ஏமாறக்கூடாது என்பதெல்லாம் இதிலிருந்தே வருகிறது.

உள்ளே நடப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். பாக்கெட்டில் இருக்கிற வெள்ளைத் தூளில் பெரும்பகுதி டால்க் என்கிற மாக்கல் பொடி. அதில் கலந்திருப்பவை பூஞ்சணத்தின் வித்துகள், ஸ்போர் என்பார்கள். ஒரு வித்தின் அகலம் இரண்டு மூன்று மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் முந்நூறு நானூறு வித்துகளை வரிசையாக அடுக்கலாம். இந்த வித்து குஞ்சின் முதுகில் விழுந்து ஒட்டிக்கொள்கிறது. சுற்றிலும் ஈரம் இருந்தால், ஏறக்குறைய ஒரு ராத்திரியில் முளைவிடும். முளையின் நுனி வீங்கித் தோலைப் பற்றிக்கொள்ளும். பூச்சியின் மேல்தோலில் மெழுகு, புரதம், கைட்டின் எல்லாம் உண்டு. அவற்றைக் கரைக்கிற நொதிகளைப் பூஞ்சணம் சுரந்து தோலை இளக்கி, அழுத்தித் துளைத்து உள்ளே இறங்கும்.

உள்ளே இருப்பது பூச்சியின் ரத்தம், சத்து நிறைந்த திரவம். அதில் பூஞ்சணம் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பெருகி உடம்பெங்கும் பரவும். நஞ்சுப் பொருள்களையும் விடும். பவேரியா என்கிற பூஞ்சணம் சுரப்பதில் ஒன்றுக்கு பவெரிசின் என்றே பெயர். சத்தும் போய், நஞ்சும் ஏறி, பூச்சி நாலைந்து நாளில் சாகும். குளிராக இருந்தால் ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். செத்தபின் காற்றில் ஈரம் இருந்தால் பூஞ்சணம் மறுபடி தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து, பஞ்சு ஒட்டினாற்போலப் படர்ந்து, புது வித்துகளை உண்டாக்கும். அவை பக்கத்துக் குஞ்சுக்குத் தொற்றலாம். ஈரம் இல்லையென்றால் வெளியே வராது, குஞ்சு சுருங்கிக் காய்ந்து கிடக்கும்.

இதில் குஞ்சுக்குத் தப்பிக்க ஒரு வழி உண்டு. அது வளர வளரத் தோலை உரிக்கும். வித்து முளைத்துத் துளைப்பதற்கு முன்னால் தோலை உரித்துவிட்டால், ஒட்டியிருந்த வித்துகளும் அந்தத் தோலோடு போய்விடும். முட்டைமீதும் பூஞ்சணத்தின் ஜம்பம் அவ்வளவாகப் பலிப்பதில்லை. ஆகவே ஒரு தெளிப்பில் தோட்டம் சுத்தமாகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒரு வார இடைவெளியில் இரண்டு மூன்று முறை தெளிப்பது, முதல்முறை முட்டையாக இருந்ததும் தோலுரித்துத் தப்பியதும் அடுத்தமுறை மாட்டுவதற்காக.

பூச்சிக்குப் பூஞ்சணத்தால் நோய் வரும் என்பது இன்று நேற்று தெரிந்ததல்ல. இத்தாலியைச் சேர்ந்த அகோஸ்தினோ பாஸி பட்டுப்புழுக்களைக் கொத்துக்கொத்தாகக் கொன்ற ஒரு நோயைப் பல வருஷம் ஆராய்ந்து, 1835-ல் அதற்குக் காரணம் ஒரு பூஞ்சணம் என்று நிறுவினார். நோய் தாக்கிய புழு சுண்ணாம்புக்கட்டி மாதிரி வெளுத்து இறுகிவிடும். ஒரு நுண்ணுயிரால் விலங்குக்கு நோய் வருகிறது என்று உறுதியாகக் காட்டப்பட்ட முதல் சந்தர்ப்பங்களில் இது ஒன்று. இன்று நாம் கடையில் வாங்கும் பவேரியா பேசியானா அதே பூஞ்சணம்தான், பேசியானா என்பது பாஸியின் பெயர். இந்தக் கதையில் நமக்கு நேரடியாகத் தேவைப்படுவது ஒன்று உண்டு: பக்கத்தில் மல்பெரித் தோட்டமோ பட்டுப்புழு மனையோ இருந்தால் பவேரியாவைத் தொடாதீர்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி, உடுமலைப் பக்கம் காய்கறியும் பட்டும் அடுத்தடுத்த வயலில் இருக்கும். உங்கள் கத்திரிக்கு மருந்தானது பக்கத்துக்காரர் வீட்டுப் புழுவுக்கு எமனாகிவிடும்.

வெள்ளை ஈக்கென்றே பூஞ்சணத்தைப் பயன்படுத்தியதும் பழைய கதைதான். அமெரிக்காவின் புளோரிடாவில் நூறு வருஷத்துக்கு முன்பே ஆரஞ்சுத் தோட்டக்காரர்கள், அஷெர்சோனியா என்ற செந்நிறப் பூஞ்சணத்தைத் தண்ணீரில் கரைத்து வெள்ளை ஈ பிடித்த மரங்களில் தெளித்திருக்கிறார்கள்.

நம் ஊர்க் கடையில் என்ன கிடைக்கும்? வெள்ளை ஈக்குப் பெரும்பாலும் கொடுப்பது வெர்டிசீலியம் லெகானி. ஆராய்ச்சியாளர்கள் இதை லெகானிசிலியம் என்று பெயர் மாற்றி இருபது வருஷத்துக்கு மேலாகிறது, பாக்கெட்டில் இன்னும் பழைய பெயரே ஓடுகிறது. அசுவினி, செதில்பூச்சி, வெள்ளை ஈ போன்ற சாறு உறிஞ்சிகளுக்கு இது ஏற்றது. அடுத்தது மேலே சொன்ன பவேரியா, பலவகைப் பூச்சிகளுக்கும் பொதுவானது. மூன்றாவது ஐசேரியா ஃபியூமோசோரோசியா. 2016-ல் பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் சுருள் வெள்ளை ஈ புதிதாக வந்து இறங்கியபோது, பெங்களூருவில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள மையம் முன்வைத்த பூஞ்சணம் இதுதான். காய்கறி வெள்ளை ஈயையும் நன்றாகத் தாக்கும், ஆனால் எல்லாக் கடையிலும் கிடைக்காது. மெட்டாரைசியத்தை யாராவது கையில் திணித்தால், அது முக்கியமாகக் காண்டாமிருக வண்டு, வேர்ப்புழு மாதிரி மண்ணிலும் எருக்குழியிலும் இருப்பவற்றுக்குப் பேர்போனது என்று தெரிந்துகொள்ளுங்கள். என் கணக்கில், புதிதாகத் தொடங்குபவர் வெர்டிசீலியத்தில் தொடங்குவது நல்லது.

இனி, எது இதைக் கெடுக்கும் என்று பார்ப்போம். முதல் எதிரி வெயில். சூரியனின் புற ஊதாக் கதிர் நேராகப் பட்டால் சில மணி நேரத்திலேயே வித்துகளில் பெரும்பகுதி செத்துவிடும். இரண்டாவது சூடு. இந்தப் பூஞ்சணங்களுக்கு 25 டிகிரி செல்சியஸ் ஒட்டிய சூடு சுகம், 30-ஐத் தாண்டினால் சோர்ந்துவிடும், 35-ல் அனேகமாக வளர்ச்சி நின்றுவிடும். மூன்றாவது வறட்சி. முளைக்கிற அந்த முதல் ராத்திரி காற்றில் எண்பது சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் இருக்க வேண்டும்.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் தமிழ்நாட்டு விவசாயிக்கு ஒரு வில்லங்கம் தெரியும். வெள்ளை ஈ கொழிப்பது வறண்ட வெயில் காலத்தில், பூஞ்சணம் கொழிப்பது ஈரமான குளிர் காலத்தில். அக்னி நட்சத்திரத்தில் ஒட்டன்சத்திரத்துத் திறந்தவெளித் தக்காளியில் வெர்டிசீலியம் அடிப்பது, சொல்வதற்குச் சங்கடமாக இருந்தாலும், பெரும்பாலும் காசைக் கரைப்பதுதான். ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து தைப்பனி வரை, இல்லையென்றால் நிழல்வலைக் குடிலுக்குள், அதற்கு வாய்ப்பு உண்டு. வெயில் காலத்திலும் அடித்தே ஆக வேண்டும் என்றால், பாத்திக்குத் தண்ணீர் கட்டிய அன்று மாலை, பொழுது சாயும்போது அடியுங்கள். செடி அடர்ந்து நிற்கிற வெண்டை, கத்திரி வயலுக்குள் வெளியைவிட ஈரம் கூடுதலாக இருக்கும்.

நமக்குச் சாதகமான விஷயமும் ஒன்று இருக்கிறது. குஞ்சு உட்கார்ந்திருக்கும் இலையின் அடிப்பக்கம்தான் பூஞ்சணத்துக்கும் நல்ல இடம். அங்கே வெயில் நேராகப் படாது. இலை மூச்சுவிடும் துளைகள் பெரும்பாலும் அடியில் இருப்பதால், இலையை ஒட்டி மெல்லிய ஈரப்படலம் ஒன்று எப்போதும் நிற்கும். ஆகவே அடிப்பக்கம் நனைய அடிப்பதில் இரட்டை லாபம்.

அடிப்பக்கம் எவ்வளவு நனைய வேண்டும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. நல்ல டால்க் பொடியில் ஒரு கிராமுக்குக் குறைந்தது 10 கோடி உயிருள்ள வித்துகள் இருக்க வேண்டும், பாக்கெட்டில் அதைப் போட்டிருப்பார்கள். லிட்டருக்கு 5 கிராம் கலந்தால், லிட்டருக்கு 50 கோடி. கேட்கப் பெரிதாகத்தான் இருக்கிறது. ஒரு மில்லிக்குப் பார்த்தால் 5 லட்சம். தெளிப்பானின் முனையிலிருந்து வரும் துளி ஒன்றின் குறுக்களவு 0.2 மில்லிமீட்டர் என்று வையுங்கள், அந்தத் துளிக்குள் இருப்பது இரண்டே வித்து! அந்த இரண்டும் முளைக்கும் என்று என்ன நிச்சயம்? ஒரு குஞ்சின்மேல் ஒன்றல்ல, பல துளிகள் விழ வேண்டும். ரசாயன மருந்தில் சிலது இலைக்குள் ஊடுருவிச் சாற்றில் கலந்துவிடும், மேலே அடித்தாலும் கீழே உறிஞ்சும் பூச்சிக்குப் போய்ச் சேரும். பூஞ்சணம் இலைக்குள் அப்படிப் பயணம் செய்து பூச்சியைத் தேடிப் போகாது. விழுந்த இடத்தில்தான் வேலை.

அதனால் தெளிப்பானின் கம்பியைச் செடிக்குக் கீழே நுழைத்து, முனையை மேல்நோக்கித் திருப்பி அடியுங்கள். வளைந்த முனை கிடைத்தால் இன்னும் சௌகரியம். 10 லிட்டர் டேங்குக்கு 50 கிராம், ஏக்கருக்குச் சுமார் 200 லிட்டர் தண்ணீரும் ஒரு கிலோ பொடியும் என்பது பொதுவான அளவு. வாங்கிய பாக்கெட்டில் வேறு அளவு சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். பொடியை நேரே டேங்கில் கொட்டினால் திரிந்து முனையை அடைத்துக்கொள்ளும். கொஞ்சம் தண்ணீரில் கூழாகக் குழைத்து, துணியில் வடிகட்டி ஊற்றுங்கள். வெள்ளை ஈக் குஞ்சின் உடம்பில் மெழுகு உண்டு, வெறும் தண்ணீர் உருண்டோடும், ஆகவே ஒட்டும் திரவம் கொஞ்சம் சேர்க்க வேண்டும். கலக்கியதை அன்றே அடித்து முடித்துவிடுங்கள். முகத்துக்கு மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். பூஞ்சணம் பொதுவாக மனிதருக்கு நோய் தராவிட்டாலும், பொடி மூக்கில் ஏறினால் சிலருக்கு ஒவ்வாமை வரும்.

வெல்லம் போட்டு டிரம்மில் ஊறவைத்து ஒரு பாக்கெட்டைப் பத்தாக்கலாம் என்று ஒரு யோசனை விவசாயிகளிடையே சுற்றிவருகிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. திறந்த டிரம்மில் வெல்லத் தண்ணீர் கிடைத்தால், மெதுவாக வளரும் பூஞ்சணத்தை முந்திக்கொண்டு காற்றிலும் தண்ணீரிலும் இருக்கிற பாக்டீரியாவும் ஈஸ்ட்டும்தான் பெருகும். நுரைப்பதும் புளித்த வாடை அடிப்பதும் அவற்றின் வேலை.

பூஞ்சணத்தை வீணாக்க இன்னும் சுலபமான வழி, அதைப் பூஞ்சணக்கொல்லியோடு கலப்பது. கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் அடிக்கடி நடப்பதுதான். ஒரே நாளில் இரண்டு வேலையும் முடியட்டும் என்று, இலைப்புள்ளிக்கு மேங்கோசெப்போ காப்பர் ஆக்சிகுளோரைடோ போட்ட டேங்கிலேயே வெர்டிசீலியத்தையும் கொட்டிவிடுவார்கள். கார்பன்டசிமும் இதில் சேர்த்தி. இரண்டுக்கும் நடுவே ஒரு வாரமாவது இடைவெளி விடுங்கள், டேங்கை நன்றாகக் கழுவுங்கள். வேப்பெண்ணெய் இவ்வளவு மோசமில்லை, ஆனாலும் தனித்தனி நாளில் அடிப்பதே உத்தமம்.

கடையில் வாங்கும்போது விலையைவிட முதலில் பார்க்க வேண்டியது தயாரித்த தேதியை. வித்துகள் பாக்கெட்டுக்குள்ளும் நாளாக ஆகச் சாகும். வெயில் படுகிற ஷோகேஸில் மாதக்கணக்கில் அடுக்கிவைத்திருந்தால், தேதி இருந்தாலும் வாங்காதீர்கள். வீட்டிலும் யூரியா மூட்டைமேல், தகரக் கொட்டகையில் போட்டுவைக்காமல் குளிர்ச்சியான நிழலில் வையுங்கள்.

அடித்துவிட்டோம், வேலை செய்ததா என்று எப்படித் தெரியும்? மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் ஈக்கள் வழக்கம்போலப் பறக்கும். மனம் தளர வேண்டாம், ஏழாம் நாள் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு இலைகளைப் பறித்துக் கைலென்ஸில் அடிப்பக்கத்தைக் கவனியுங்கள். உயிருள்ள குஞ்சு பளபளப்பாக, உப்பலாக இருக்கும். நோய் கண்டது மங்கி, பழுப்போ சில நேரம் செந்நிறமோ ஏறி, சப்பையாகியிருக்கும். சந்தேகம் இருந்தால், மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் நனைத்துப் பிழிந்த காகிதத்தை விரித்து, அதன்மேல் இலையை அடிப்பக்கம் மேலாக வைத்து மூடி, வீட்டுக்குள் நிழலில் இரண்டு மூன்று நாள் விடுங்கள். பூஞ்சணத்தால் செத்தது என்றால் குஞ்சின் ஓரத்திலிருந்து வெள்ளை இழைகள் கிளம்பிப் பஞ்சாகப் படரும். வயலில் காற்று வறண்டிருந்ததால் வெளிவராமல் இருந்தது இந்த ஈரத்தில் வெளியே வரும். இலையே அழுகி அதில் வேறு பூஞ்சணம் பிடிப்பதும் உண்டு, ஆகவே படர்ந்தது குஞ்சின் உடம்பிலிருந்தா, இலையிலிருந்தா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கருத்துப்போன குஞ்சுகளையும் பார்ப்பீர்கள். அவை நோயில் செத்தவை என்று நினைத்துவிடாதீர்கள். என்கார்சியா என்ற குட்டிக் குளவி உள்ளே முட்டையிட்டு, அதன் புழு வளர்ந்துகொண்டிருக்கலாம். காலிக் கூட்டைப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியும்: வெள்ளை ஈ வெளிவந்த கூட்டின் முதுகு வெடித்துப் பிளந்திருக்கும், குளவி வெளிவந்ததில் வட்டமாக ஒரு ஓட்டை இருக்கும். வட்ட ஓட்டைகள் நிறைய இருந்தால் உங்கள் தோட்டத்தில் ஏற்கெனவே ஆள் வேலை செய்கிறது, மருந்துச் செலவைத் தள்ளிப்போடலாம்.

கடைசியாக, இந்த முறையின் எல்லை. வெண்டையில் மஞ்சள் நரம்புத் தேமல், தக்காளியில் இலைச்சுருள், இரண்டும் வெள்ளை ஈ சுமந்து வரும் வைரஸ் நோய்கள். வைரஸ் ஏறிய ஈ ஒரு செடியில் உட்கார்ந்து அரைமணி உறிஞ்சினாலே நோயைக் கொடுத்துவிட முடியும். பூஞ்சணம் அதைக் கொல்ல நாலு நாள் எடுக்கும். வெளி வயலிலிருந்து பறந்து வரும் ஈயைப் பூஞ்சணம் தடுக்காது, தோட்டத்துக்குள் பிறந்து பெருகுவதைத்தான் குறைக்கும். கத்திரியில், உறிஞ்சுவதுதான் பெரிய சேதம் என்பதால், அதுவே போதுமானதாக இருக்கும். தக்காளியிலும் வெண்டையிலும் போதாது. தக்காளி நாற்றைப் பூச்சி நுழையாத நெருக்கமான வலைக்குள் வளர்த்து எடுக்க வேண்டும், வெண்டையில் தேமலைத் தாங்கும் ரகமாகப் பார்த்து விதைக்க வேண்டும். வயலைச் சுற்றி இரண்டு மூன்று வரிசை மக்காச்சோளம் போட்டால் பறந்து வருவது ஓரளவு தடைப்படும். நோய் கண்ட செடியை முதல் மாதத்திலேயே பிடுங்கி அகற்ற வேண்டும். மஞ்சள் ஒட்டும் அட்டைகளைச் செடியின் உச்சி உயரத்தில் கட்டிவையுங்கள். அட்டையில் ஈக்கள் ஒட்டத் தொடங்கி, இலையடியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குஞ்சு தெரியும்போதே முதல் தெளிப்பைக் கொடுத்துவிட வேண்டும். இலை முழுக்கச் செதிலாக நிறைந்து, கீழ் இலைகள் கருத்தபின் பூஞ்சணத்தை நம்பி உட்கார முடியாது. அந்தக் கட்டத்தில் அடியிலைகளைக் கிள்ளி எரித்துவிட்டு, வேளாண் அலுவலரிடம் கேட்டு ரசாயனத்தில் ஒருமுறை எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டு, அடுத்த வாரத்திலிருந்து பூஞ்சணத்துக்கு மாறுவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.